தொழிற்பயிற்சி மாணவருக்குப் பட்டப்படிப்பு வரை பாதை அமைத்தல்: கொங்கு வட்டாரக் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் உள்ள ஐ.டி.ஐ. வாசல்களில் தகப்பன்மார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்க சார், இதப் படிச்சுப்போட்டுப் பின்னாடி இஞ்சினீயருக்குப் போக முடியுங்களா?” முடியும் என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதிலை நம்பிச் சேர்ந்த பையன்களில் எத்தனை பேர் பி.இ. வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்று தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் நிறுவனத்தை நான் அதிகம் கண்டதில்லை. பாலிடெக்னிக் ஒன்றின் இயந்திரவியல் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் நான் கண்டறிந்தது இதுதான்: பாதைக்கு வேண்டிய படிகள் எல்லாம் அரசு விதிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயில் தண்ணீர் கசிவது குழாயின் நடுவில் அல்ல, ஒரு குழாயை மறு குழாயோடு பொருத்திய இடத்தில்தான். நம் மாணவர்களையும் அப்படிப் பொருத்துகளில்தான் இழக்கிறோம். ஆகவே பாதை அமைப்பது என்பது புதிய பட்டம் ஒன்றைத் தொடங்குவது என்பதைவிட, சான்றிதழ், கணக்கு, வேலை நேரம் ஆகிய மூன்று பொருத்துகளைக் கசியாமல் இறுக்குவதே ஆகும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றில் பொறுப்பில் இருப்போரையும், இவர்களை வேலைக்கு எடுக்கும் தொழிற்கூட உரிமையாளர்களையும் மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

இருக்கும் படிகளை எண்ணிப் பார்த்தல்

பத்தாம் வகுப்புக்குப் பின் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன் போன்ற ஈராண்டுத் தொழிற்பிரிவு ஒன்றில் தேறியவர், தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கின் முதலாண்டைத் தாண்டி நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலையில் தொழிற்பிரிவு படித்தவருக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. பட்டயம் பெற்றவர் அதேபோல் பி.இ. அல்லது பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதற்கான மாநில அளவிலான கலந்தாய்வு காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியின் வழியாக நடைபெற்று வந்திருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்பும் பட்டயதாரருக்கு ஏழு பருவங்கள் கொண்ட பகுதிநேர பி.இ. உண்டு. நம் வட்டாரத்தில் கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசினர் பொறியியல் கல்லூரி ஆகியவை இதனை நெடுநாளாக நடத்தி வந்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2014ஆம் ஆண்டில் தொடங்கிய பி.வோக். என்னும் தொழிற்கல்விப் பட்டம் இவற்றிலிருந்து வேறுபட்டது. ஓராண்டில் நிறுத்தினால் பட்டயம், ஈராண்டில் நிறுத்தினால் மேம்பட்ட பட்டயம், மூன்றாண்டு முடித்தால் பட்டம் என்று இடையில் இறங்கிக்கொள்ளும் வசதி அதில் உண்டு.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலை இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு, ஆக ஆறு ஆண்டுகள். பத்தாம் வகுப்புக்குப் பின் பட்டயம் மூன்று ஆண்டு, பி.இ. மூன்று ஆண்டு, இதுவும் ஆறு ஆண்டுகள்தான். ஐ.டி.ஐ. இரண்டு, பட்டயம் இரண்டு, பி.இ. மூன்று என்று போனால் ஏழு ஆண்டுகள். கூடுதலாகச் செலவாவது ஒரே ஓர் ஆண்டு. அந்த ஓராண்டுக்கு ஈடாக மாணவர் கையில் மூன்று சான்றிதழ்கள் இருக்கும், எந்தக் கட்டத்தில் குடும்பச் சூழ்நிலை நிறுத்தினாலும் அதுவரை படித்தது வீணாகாது. ஐ.டி.ஐ. போனால் படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணும் பெற்றோரிடம் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதே சேர்க்கை நாளில் நிறுவனம் செய்யவேண்டிய முதல் வேலை.

இந்த இடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1945ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததுதான். அதன் தலைமைப் பொறுப்பேற்ற ஜி.டி. நாயுடு, பொறியியலுக்கு நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டே போதும் என்று வாதாடினார், அரசு அதை ஏற்காதபோது விலகியும் கொண்டார். அவர் சொன்னதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. கையால் கற்றவனைத் திரும்பவும் அதையே கற்கச் சொல்லி உட்காரவைக்கும் வழக்கம் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் நாம் இன்னும் முழுமையாக விடை சொல்லவில்லை.

சான்றிதழ்ப் பொருத்து

பாதை அமைக்க முனையும் கல்லூரிகள் பெரும்பாலும் பாடத்திட்டத்தில் தொடங்கிப் பல மாதங்களைச் செலவிட்டபின், சேர்க்கை நாளில் சான்றிதழ் மேசையில் வந்து முட்டிக்கொள்கின்றன. ஆகவே சான்றிதழிலேயே தொடங்குங்கள்.

முதலில் தொழிற்பிரிவின் காலத்தைப் பாருங்கள். வெல்டர் போன்ற ஓராண்டுப் பிரிவில் தேறியவருக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கை கிடையாது. நம் ஊர்ப் பட்டறைகளில் வெல்டருக்குக் கிராக்கி அதிகம் என்பதால் பையன்கள் அந்தப் பிரிவை விரும்பிச் சேர்கிறார்கள், மேற்படிப்பு வாசல் அதனால் குறுகுகிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. படிப்பைத் தொடரும் எண்ணம் கொஞ்சமேனும் உள்ளவருக்கு ஈராண்டுப் பிரிவைப் பரிந்துரைப்பதும், ஓராண்டுப் பிரிவையே விரும்புவோருக்குப் பட்டயத்தின் முதலாண்டில் சேரவேண்டியிருக்கும் என்று முன்னரே சொல்லிவிடுவதும் ஐ.டி.ஐ. முதல்வரின் கடமை.

அடுத்தது இணைத்தன்மை. எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர் பத்தாம் வகுப்பின் மொழிப் பாடங்களையும், பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பன்னிரண்டாம் வகுப்பின் மொழிப் பாடங்களையும் எழுதித் தேறினால், முறையே பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இணையானவர் என்று சான்று பெறும் வழியைத் தமிழ்நாடு அரசு வகுத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவருக்குப் பாலிடெக்னிக் சேர்க்கையில் இந்தச் சான்று தேவைப்படாது என்பதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பின்னாளில் கலை அறிவியல் பட்டத்தில் சேரவோ, அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவோ நேரும்போது இதன் அருமை தெரியும். ஐ.டி.ஐ. முடித்த கையோடு, தமிழும் ஆங்கிலமும் மறந்துபோகுமுன், இந்த இரண்டு தாள்களையும் எழுத வைத்துவிடுவது நல்லது.

மூன்று குறுக்கு வழிகளைப் பற்றி மாணவரை எச்சரித்தே ஆகவேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பெறும் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டுவிட்டது. தபால் வழிப் பொறியியல் பட்டம் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு நவம்பரில் தெளிவுபடுத்தியது. இந்தியப் பொறியாளர் கழகம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வைப் பி.இ.க்கு இணையாகக் கொள்வது 2013ஆம் ஆண்டு மே 31க்குள் பதிவு செய்தவர்களோடு நின்றுபோனது. மில் வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் இன்னும் துண்டறிக்கை கொடுத்து ஆள்பிடிக்கும் சிறு பயிற்சி மையங்கள் இவற்றை மாணவரிடம் சொல்வதில்லை.

பெயர்ப் பொருத்தமின்மையும் ஒருவரின் ஓராண்டைத் தின்றுவிடக்கூடியது. என் மாணவர் ஒருவருக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னும், ஐ.டி.ஐ. தேர்ச்சிக்குத் தரப்படும் தேசியத் தொழிற்சான்றிதழில் பின்னும் இருந்தது, ஆதாரிலோ தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருந்தது. ஒரு கல்லூரியின் சரிபார்ப்பு மேசையில் அவரை நிறுத்திவிட்டார்கள். திருத்தம் வருவதற்குள் சேர்க்கை முடிந்துபோனது. ஆகவே ஐ.டி.ஐ. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு மாணவரின் சான்றிதழ்களையும் பக்கம் பக்கமாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். செலவில்லாத வேலை, நான் சொல்லப்போகும் எதையும்விடப் பயன் அதிகம்.

பகுதிநேரப் படிப்புக்கு அனுபவச் சான்று வேண்டும். பெரிய மில்களிலும் பம்ப் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவருக்கு இது எளிது. குறிச்சியிலோ கணபதியிலோ நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறையில் இருப்பவருக்குச் சம்பளம் சனிக்கிழமை மாலை கையில் வந்துவிடும், வைப்புநிதிக் கணக்கோ ஈ.எஸ்.ஐ. எண்ணோ இருக்காது, முதலாளி லெட்டர் பேடில் எழுதித் தரும் கடிதம் மட்டும் சரிபார்ப்பில் நிற்காமல் போகலாம். பட்டயம் முடித்து வேலைக்குப் போகும் நாளிலேயே, இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் படிக்கும் எண்ணம் இருந்தால், பதிவு பெற்ற நிறுவனத்தில் முறையான பணியாளராகச் சேரும்படி மாணவருக்குச் சொல்லி அனுப்புங்கள். தொழில் சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம் இதையே எடுத்துச் சொல்லலாம்.

சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறுபவை. சென்ற ஆண்டு அண்ணன் சேர்ந்த முறையை நம்பித் தம்பியை அனுப்பாமல், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை நிறுவனத்தில் ஒருவர் முழுதாகப் படித்துக் குறிப்பெடுத்து வைக்கவேண்டும்.

இரண்டு பாடத்திட்டங்களை ஒரே மேசையில் வைத்தல்

ஐ.டி.ஐ. ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய நிகழ்ச்சியை நம்மில் பலர் பார்த்திருக்கமாட்டோம். ஒருவர் மற்றவரின் பட்டறைக்குள் நுழைந்ததுகூட இருக்காது. பாதையின் இரண்டாவது வேலை இவர்களைச் சந்திக்க வைப்பது.

2023ஆம் ஆண்டில் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு இந்தச் சந்திப்புக்கு ஒரு பொது அளவுகோலைத் தந்திருக்கிறது. கற்றலுக்குச் செலவிடும் 30 மணி நேரம் ஒரு கிரெடிட், ஓராண்டுக்கு 1200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட் என்பது அதன் அடிப்படை. 2022இல் திருத்தப்பட்ட ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தின் ஆண்டு நேரமும் 1200 மணிதான். முதலாண்டில் அதில் 840 மணி செய்முறைக்கும் 240 மணி தொழில் அறிவுக்கும் 120 மணி வேலைவாய்ப்புத் திறன்களுக்கும் போகிறது. நேரக் கணக்கு பொருந்துகிறது என்பதற்காக உள்ளடக்கமும் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மணி நேரத்தை எண்ணிக் கிரெடிட்டை மாற்றிக் கொடுப்பது எழுத்தர் செய்யக்கூடிய வேலை. எதைத் தெரிந்தவர், எதைத் தெரியாதவர் என்று பிரித்தறிவது ஆசிரியர் மட்டுமே செய்யக்கூடியது.

அதற்கு நான் கையாண்ட முறை எளிமையானது. பாடத்திட்டத்தின் ஒவ்வோர் அலகுக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளவேண்டும். மாணவர் இதைச் செய்துகாட்டுவாரா? ஏன் அப்படிச் செய்கிறார் என்று சொல்வாரா? அதைக் கணக்கிட்டுக் காட்டுவாரா? ஃபிட்டர் பிரிவில் தேறிய நல்ல மாணவர் அளவியல், பொருத்தம், இழைவெட்டு போன்றவற்றில் முதல் கேள்விக்கு ஐயமில்லாமல் ஆம் என்பார், இரண்டாவதற்குப் பாதி சொல்வார், மூன்றாவதில் தயங்கி நிற்பார். அதே அலகில் நன்றாகத் தேறிய மேல்நிலை மாணவரோ மூன்றாவதில் தொடங்கி முதலாவதில் தயங்குவார். இந்த அட்டவணை முடிந்ததும் எந்தப் பாடத்துக்கு முழு விலக்குத் தரலாம், எதற்குத் தேர்வு மட்டும் வைத்துக் கிரெடிட் தரலாம், எதைக் கட்டாயம் கற்பிக்கவேண்டும் என்பது தானாகத் தெளிவாகும்.

நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையின் குறையும் இங்கேதான் வெளிப்படும். பொறியியல் முதலாண்டில் பொறியியல் வரைபடமும் பட்டறைச் செய்முறையும் உண்டு. அவை நம் மாணவருக்கு அத்துபடி. அதே முதலாண்டில்தான் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் இருக்கின்றன. அவை அவருக்கு மிகவும் தேவை. முதலாண்டை அப்படியே தாண்டவிடும்போது தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவிடுகிறோம். பிறகு இரண்டாம் ஆண்டில், ஏற்கெனவே இரண்டு முறை படித்த உற்பத்தி முறைகளை மூன்றாம் முறையாகவும், ஒருமுறைகூடப் படிக்காத கணிதத்தைப் படித்தவரைப் போலவும் அவர் படிக்கவேண்டியிருக்கிறது.

இதைச் சீர்செய்யும் அதிகாரம் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே அளவில் இல்லை. பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்ற சாதாரணக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தொட முடியாது, வகுப்பு நேரத்துக்கு வெளியே, விடுபட்ட பாடத்தை ஈடுகட்டும் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டக் குழுவின் வழியாகவே விலக்கும் மாற்றுப் பாடமும் தரலாம். அந்தக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவருக்கு இடம் உண்டு. அந்த இடத்தைப் பெருநிறுவன மனிதவள அதிகாரிக்குக் கொடுத்து மரியாதை செய்வதைவிட, ஐ.டி.ஐ. படித்து ஃபவுண்டரியோ பம்ப் யூனிட்டோ நடத்தும் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள், குழுவின் பேச்சே வேறாகிவிடும். நம் ஊரில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை.

கலை அறிவியல் கல்லூரிக்கு பி.வோக். இன்னும் பொருத்தமானது, ஏனெனில் அதன் கிரெடிட்டில் 60 விழுக்காடு திறன் பகுதிக்கும் 40 விழுக்காடு பொதுக் கல்விக்கும் ஒதுக்கப்பட்டது. எல்லா மாணவரையும் பொறியியலை நோக்கியே தள்ளவேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அப்பாவின் லேத்தை எடுத்து நடத்தப்போகும் பையனுக்கு விலைக் கணிப்பும் ஜி.எஸ்.டி.யும் வங்கிக் கடன் விண்ணப்பமும் கற்பிக்கும் பட்டம், வெப்ப இயக்கவியலைவிட அதிகம் உதவும். திருப்பூரில் தையல் தொழில்நுட்பம் படித்த பெண்ணுக்கு நகரிலேயே நிஃப்ட்-டீ கல்லூரியில் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டங்கள் இருக்கின்றன. குமாரபாளையத்து எஸ்.எஸ்.எம். பாலிடெக்னிக்கிலோ சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்திலோ பட்டயம் பெற்றவருக்கு ஜவுளித் தொழில்நுட்ப பி.டெக். இரண்டாம் ஆண்டு இயல்பான அடுத்த படி.

கணக்கு என்ற மதில்

மூன்று பொருத்துகளில் அதிகம் கசிவது இதுதான். பட்டய மாணவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்த முதல் பருவத்திலேயே, அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் பல பிரிவுகளில், உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் என்ற தாளைச் சந்திக்கிறார். மாணவர் மொழியில் அது எம்-த்ரீ, அதாவது மூன்றாம் கணிதத் தாள். முதலாண்டில் எம்-ஒன், எம்-டூ படித்தவர்களே திணறும் தாளில், அவ்விரண்டையும் தாண்டி வந்தவர் அரியர் வைப்பதில் வியப்பில்லை. முதல் அரியரோடு மனம் உடைந்து, “நமக்கு இது ஒத்துவராதுங்க சார்” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிய திறமையான கைகளை எனக்குத் தெரியும்.

பெரும்பாலான பிரிட்ஜ் கோர்ஸ்கள் இங்கே பயன்படாமல் போவதற்குக் காரணம், முதலாண்டுப் பாடத்தை ஒரு மாதத்தில் விரைவாக ஓட்டிக் காட்டுவதையே பாலம் என்று நினைப்பதுதான். அவை பள்ளிக் கணிதம் நிற்கும் இடத்தில் தொடங்குகின்றன. நம் மாணவரின் கணிதம் பள்ளியில் இல்லை. அது அவர் கையிலும் கருவியிலும் இருக்கிறது. தொடங்கவேண்டிய இடம் அதுவே.

முக்கோணவியலைச் சைன் பாரில், அதாவது கோணம் அளக்கும் எஃகுச் சட்டத்தில், தொடங்குங்கள். 200 மில்லிமீட்டர் சைன் பாரின் ஒரு முனையை ஸ்லிப் கேஜ் என்னும் அளவுக் கட்டைகளை அடுக்கி 100 மில்லிமீட்டர் உயர்த்தினால் 30 பாகைக் கோணம் கிடைக்கும் என்பது ஃபிட்டருக்குத் தெரியும். உயரத்தை நீளத்தால் வகுத்தால் அரை, அரைதான் 30 பாகையின் சைன் என்று அவரிடம் சொல்லும்போது, மனப்பாடம் செய்த அட்டவணை ஒரு நொடியில் பொருள் பெறுகிறது. டேப்பர் டர்னிங், அதாவது லேத்தில் கூம்பு வடிவமாகக் கடைவது, வகைநுண்கணிதத்தின் வாசல். 50 மில்லிமீட்டர் நீளத்தில் விட்டம் 40இலிருந்து 30 ஆகக் குறையவேண்டுமென்றால் வெட்டுளியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை ஏறத்தாழ 5 பாகை 43 கலைக்கு (மினிட்) திருப்பவேண்டும் என்று டர்னர் கணக்கிடுவார். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.1, நீளம் ஒரு மில்லிமீட்டர் நகர ஆரம் 0.1 மில்லிமீட்டர் மாறுகிறது. அதுதான் சாய்வு வீதம். இனி, டேப்பர் நேராக இல்லாமல் வளைந்து போனால், ஒவ்வொரு புள்ளியிலும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை எவ்வளவு திருப்பவேண்டியிருக்கும் என்று கேளுங்கள். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தரும் விடைதான் வகைக்கெழு.

எலக்ட்ரீசியனுக்குக் கலப்பெண்களைக் கற்பிக்க மூன்று கட்ட மின்சாரமே போதும். 415 வோல்ட்டை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 240 வருவதை அவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார். ஏன் மூன்றால் வகுக்காமல் அதன் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம் என்ற கேள்வியிலிருந்து, சுழலும் அம்புகளும் 90 பாகை திருப்பும் கற்பனை எண்ணும் வரிசையாக வந்துவிடும். பவர் ஃபேக்டர் குறைந்தால் மின்வாரியம் மில்லுக்கு அபராதம் போடுவதையும், கெப்பாசிட்டர் பேங்க் அதைச் சரிசெய்வதையும் அறிந்தவருக்கு இது புத்தகக் கணக்கே அல்ல. நூற்பாலையில் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்கள் மின்னோட்டத்தின் அலைவடிவத்தைக் குலைத்து 250, 350 ஹெர்ட்ஸ் ஒத்திசைகளை (50 ஹெர்ட்ஸின் மடங்குகளான அலைகளை) உண்டாக்குவதை மீட்டரில் காட்டிவிட்டு ஃபூரியர் தொடரைத் தொடங்கினால், எம்-த்ரீயின் அந்த அலகு பழகிய ஊருக்குப் போவதுபோல் ஆகிவிடும். பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு ஃபவுண்டரியை நாடலாம். மோல்டில் ஊற்றிய இரும்பு ஓரத்தில் முதலில் இறுகி உருகிய இரும்பைத் தேக்கி வைக்கும் ரைசரில் கடைசியாக இறுகுவது ஏன் என்பதைச் சொல்லும் சமன்பாடு வெப்பச் சமன்பாடுதான்.

இப்படி ஏறத்தாழ அறுபது மணி நேரப் பாடத்தைக் கல்லூரி திறக்குமுன் பாதியும் முதல் பருவத்தில் வாரம் இருமுறை மீதியுமாக நடத்துவது போதுமானது என்பது என் அனுபவம். கணிதத் துறை ஆசிரியர் ஒருவரும் பட்டறை ஆசிரியர் ஒருவரும் இணைந்தே வகுப்பில் நிற்கவேண்டும், ஒருவர் மட்டும் நின்றால் பாலம் ஒரு கரையிலேயே நின்றுவிடும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். விடைத்தாளில் எழுதவேண்டிய ஆங்கிலச் சொற்களை மட்டும் அன்றன்று பலகையின் ஓரத்தில் எழுதி வாருங்கள். இவர்களைத் தனி வகுப்பாகப் பிரித்து வைக்கவேண்டாம். ஆய்வகத்தில் நேரடிச் சேர்க்கை மாணவர் ஒருவரும் முதலாண்டிலிருந்து வந்தவர் ஒருவரும் ஒரே மேசையில் நின்றால், ஒருவருக்குக் கையும் மற்றவருக்குக் கணக்கும் வந்து சேரும்.

நேரமும் பணமும்

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரின் பெரிய எதிரி பேருந்து நேரம். அரசூரிலோ கிணத்துக்கடவிலோ ஷிப்ட் முடித்து ஐந்தரைக்கு வெளியே வருபவர் ஆறரை மணி வகுப்புக்குத் தடாகம் சாலைக்கு வந்து சேர்வது கடினம், வகுப்பு முடிந்து ஊர் திரும்பும் கடைசிப் பேருந்தைப் பிடிப்பது அதைவிடக் கடினம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் வழக்கம் இருப்பதால் இரவு எட்டு மணிக்கு முன் பனியன் கம்பெனியை விட்டு வர இயலாது. நூற்பாலையில் வாரந்தோறும் மாறும் ஷிப்ட் என்றால் மூன்றில் ஒரு வாரம் வருகைப் பதிவு விழுந்துவிடும்.

இதனைக் கல்லூரி தனியாகத் தீர்க்க முடியாது. நிர்வாகத்திடம் போகும்போது சலுகை கேட்பதுபோல் போகாதீர்கள். படிக்கும் பருவத்தில் பகல் ஷிப்ட் மட்டும், தேர்வு நாள்களில் விடுப்பு, பட்டம் பெற்றபின் குறிப்பிட்ட காலம் அதே நிறுவனத்தில் பணி என்று இருபுறமும் கையெழுத்திட்ட ஓர் எளிய கடிதம் போதும். நல்ல டெக்னீசியன் கிடைக்காமல் தவிக்கும் முதலாளிக்கு இதில் இழப்பில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உள்நாட்டு ஆர்டர் நெருக்கும்போது உள்மதிப்பீட்டுத் தேர்வை வைக்காமல் தள்ளிப்போடுவது கல்லூரி தன் பங்குக்குச் செய்யக்கூடியது.

பணத்தைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் அணி

எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே ஆண்டில் பாதை திறக்க முயலாதீர்கள். ஒரே பேருந்துத் தடத்தில் உள்ள ஓர் ஐ.டி.ஐ., ஒரு பாலிடெக்னிக், ஒரு கல்லூரி, ஒரே தொழிற்பிரிவு, பதினைந்து மாணவர்கள் என்று தொடங்குவது நல்லது. பீளமேட்டில் 1939இல் தொடங்கிய பூ.சா.கோ. பாலிடெக்னிக்கும் 1951இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியும் பம்பும் மோட்டாரும் வார்க்கும் தொழிற்கூடத்தோடு ஒரே அறக்கட்டளையின் நிழலில் வளர்ந்ததை எண்ணிப் பார்த்தால், அருகில் இருப்பதன் பயன் விளங்கும். அத்தகைய அமைப்பு இல்லாத ஊரில் மூன்று நிறுவனங்களிலும் ஒவ்வோர் ஆசிரியரைப் பொறுப்பாளராக நியமித்து, மாதம் ஒருமுறை சந்திக்கச் செய்யவேண்டும். ஐ.டி.ஐ. முதலாண்டில் பெயரெழுதிய நாளிலிருந்து பட்டம் வாங்கும் நாள் வரை ஒரு மாணவருக்கு ஒரே பக்கம் என்று ஒரு பதிவேடு இவர்களிடம் இருக்கட்டும்.

அந்தப் பதிவேட்டில் மதிப்பெண்ணைவிட முக்கியமானது, நின்றுபோனவர் எந்த வாரத்தில் நின்றார் என்பது. முதல் பருவத் தேர்வு முடிவு வெளியான அன்றே, எம்-த்ரீயில் தவறியவர்களின் பட்டியலையும் அவர்களுடைய ஷிப்ட் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவு ஷிப்ட் வாரங்களில் வகுப்புக்கு வராதவரே தவறியிருந்தால் மில் மேலாளரிடம் பேசவேண்டும், வகுப்புக்கு ஒழுங்காக வந்தும் தவறியிருந்தால் பிரிட்ஜ் கோர்ஸின் முதல் பத்து மணி நேரத்தைத் திருத்தி எழுதவேண்டும். இரண்டில் எது என்று தெரிந்துகொண்ட பின்னரே அடுத்த ஆண்டின் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள்.